பாதாளக்கரண்டிக்கு ஈடு

என் அத்தான் ஆவுடைநாயகம் பிள்ளை தூண்டில் போடுவதென்று தீர்மானித்தார்.

இதைச் சேரன்மகாதேவியில் யாரிடமாவது சொல்லியிருந்தால் எனக்குத்தான் வேப்பிலை அடித்திருப்பார்கள். அத்தான் சைவர். சும்மா சைவர் இல்லை. மீன்காரி தெருமுனையில் குரல் கொடுத்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வாய் கொப்பளிக்கிற சைவர். மீனாட்சியம்மன் பெயரைச் சொல்லும்போதுகூட முதல் எழுத்தை அவசரமாக விழுங்கிவிடுவார். அப்படிப்பட்டவர் தூண்டிற்கோலைக் கையில் எடுத்தார் என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். உத்தியோகம்.

ஆற்று அணைகளைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர் துரையின் கச்சேரியில் அத்தான் ஹெட் குமாஸ்தா. தை பிறந்தால் இப்போது மானேஜராக இருப்பவர் வேலையை விட்டு விலகுகிறார். அந்த நாற்காலி யாருக்கு என்பது துரை வாயைத் திறந்தால்தான் தெரியும். துரையோ சுருட்டுப் பிடிக்கத்தான் வாயைத் திறப்பார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆற்றங்கரைப் பாறையில் நின்று தூண்டில் வீசுவதுதான் அவருடைய பூஜை. “பொறுமையாகத் தூண்டில் பிடிக்கத் தெரிந்தவனை நம்பி ஒரு கச்சேரியையே ஒப்படைக்கலாம்” என்று ஒரு நாள் யாரிடமோ சொன்னாராம். அது பக்கத்து அறையில் இருந்த அத்தானின் காதில் விழுந்தது. அன்றைக்குப் பிடித்தது தாமிரபரணிக்குக் கெட்ட காலம்.

மார்கழி பிறந்ததும் துரை கிறிஸ்துமஸுக்காகக் கொடைக்கானல் புறப்பட்டார். புறப்படும்போது தூண்டில் சாமான்களை அத்தானிடம் ஒப்படைத்தார். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் கோல். நூறு கஜம் பட்டுக்கயிறு சுற்றிய பித்தளைச் சக்கரம். அப்புறம் ஒரு தகடு. விரல் நீளம், வெள்ளி மாதிரி மின்னும். வால் பக்கத்தில் மூன்று முள். தண்ணீரில் இழுத்தால் குஞ்சு மீன் போலச் சுழலும். பெரிய மீன் அதைப் பார்த்து மயங்கி, வந்து கடித்து, மாட்டிக்கொள்ளும். மேலே பளபளப்பு, அடியில் முள். எனக்காக அத்தான் ஏரலில் பார்த்து வைத்திருந்த ஜவுளிக்கடை மாப்பிள்ளை எனக்கு ஞாபகம் வந்தார்.

“ஐரோப்பாவில் சண்டை நடக்கிறது. கப்பல் சரியாக வருவதில்லை. இந்தத் தகடு தொலைந்தால் இன்னொன்று கிடைக்காது” என்று துரை எச்சரித்தார். பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார். எடுத்து ஆற்றில் போடச் சொல்லவில்லை. ஆனால் துரை திரும்பி வரும்போது அவர் முன்னால் ஒரே வீச்சில் ஐம்பது கஜம் வீசிக் காட்டினால் நாற்காலி நமக்குத்தான் என்று அத்தான் கணக்குப் போட்டார்.

“மீன் கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் அத்தான்?” என்று நான் பின்னால் ஒரு சமயம் கேட்டேன்.

“கடிக்கப்படாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் போடுவேன்” என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முகத்தில் அவ்வளவு பக்தி.

இனி என் சமாசாரம். வீட்டில் என்னைச் சம்முகம் என்பார்கள். நான் சென்னப்பட்டணத்தில் பி.ஏ. வகுப்பில் படிக்கிறேன், லீவுக்கு வந்திருந்தேன். அப்பா காலமான பிறகு எனக்கு அக்காள் வீடுதான் வீடு. அக்காள் புருஷனான அத்தான்தான் கார்டியன். ஜனவரி ஆறாம் தேதிக்குள் கார்டியன் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வராவிட்டால் விடுதிப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுவோம் என்று லேடி சூப்பிரண்டெண்ட் எழுதியிருந்தாள். அத்தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கல்லூரி போதும், ஏரல் போ என்றார். ஏரலுக்கும் என் படிப்புக்கும் நடுவே இருந்தது அந்த ஒரு கையெழுத்து.

நான் வாதாடினேன். காலையில் வாதாடினேன். கச்சேரிக்குக் கிளம்பும்போது குடையைப் பிடித்துக்கொண்டு வாதாடினேன்.

“காரணம் சொல்லுங்கள் அத்தான்.”

“காரணம் கேக்குத பாரு, அதான் காரணம்.”

“இது சுழல் வாதம். தர்க்க சாஸ்திரத்தில் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.”

“எனக்கும் தலை சுழலத்தான் செய்யுது. ஏட்டி, உங்க அக்கா ஒரு எழுத்து இங்கிலீஷ் படிச்சிருக்காளா? இந்தப் பதினாலு வருசத்துல என்கிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருக்காளா? அவ சொல்லி இந்த வீட்டுல ஏதாவது நடந்திருக்கா?”

என் அக்காள் சொர்ணாம்பாள் அப்போது அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இல்ல” என்றாள். “ஒண்ணும் நடக்கலை.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பூசணிக்காயை ஆற்றில் எறியலாம் போலிருந்தது. இப்படி ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருப்பதால்தானே அவர் வாயைத் திறக்கிறார்?

அத்தான் தினமும் நடுப்பகலில் பயிற்சிக்குப் போனார். துரை இல்லாத கச்சேரியில் கடியாரம் மட்டும்தான் வேலை செய்யும். நடுப்பகலில் படித்துறையில் ஆள் இருக்காது. கோலைப் பாயில் சுருட்டி எடுத்துப் போவார். யாராவது கேட்டால் அணை அளக்கிற கோல் என்பார். தகட்டை முதலில் வெளியே எடுக்கவில்லை. அதைப் பூஜை அலமாரியில் வைத்து, நாங்கள் வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி தினமும் விபூதி போட்டுத் துலக்கினார். தூண்டில் முள்ளுக்குத் திருநீறு பூசிய முதல் சைவர் என்று அவருக்கு ஆதீனத்தில் ஒரு பட்டம் கொடுக்கலாம்.

பயிற்சிக்கு ஈயக் குண்டும் சாதாரண முள்ளும் போதும் என்று வைத்துக்கொண்டார். வீசுவார். கயிறு மருத மரக் கிளையில் சுற்றும். பேனாக்கத்தியால் அறுப்பார். மறுபடி வீசுவார். பாறை இடுக்கில் சிக்கும். அறுப்பார். நாணல் புதரில் சிக்கும். அறுப்பார். சிக்கலான காகிதம் வந்தால் கச்சேரியில் என்ன செய்வாரோ அதையேதான் ஆற்றிலும் செய்தார்: தன் கையை விட்டுத் தொலைந்தால் சரி, அப்புறம் அது யார் காலைச் சுற்றினால் என்ன?

சுற்றியது. மார்கழி விடியலில் பெண்கள் எல்லோரும் ஆற்றில் குளிக்கிற காலம். முதல் நாள் பக்கத்து வீட்டுப் பிரம்மநாயகி மதினியின் கால்மெட்டியில் ஏதோ மாட்டி இழுத்தது. மதினி “முருகா!” என்று விழுந்தாள், முழங்கால் சிராய்த்துவிட்டது. மறுநாள் ஒரு கன்றுக்குட்டியின் வாயில் ஒரு முழம் கயிறு தொங்கியது. அதற்கு மறுநாள் இரண்டு காலும் சேர்த்துக் கட்டினாற்போல ஒரு நாரை பாறைமேல் விழுந்து விழுந்து எழுந்தது. நானும் அக்காளும் அதைப் புடைவையில் பொத்திப் பிடித்து, கயிற்றை அறுத்துவிட்டோம். பறக்கிற அவசரத்தில் அது என் கையைக் கொத்திவிட்டுப் போயிற்று. நியாயம்தான். அதற்கு என் அத்தானைத் தெரியாது. கையில் கிடைத்த குடும்பத்தைக் கொத்தியது.

படித்துறையில் பேச்சு எழுந்தது. ஆற்றுக்குள் ஏதோ இருக்கிறது. அது காலைப் பிடிக்கிறது. அன்று மத்தியானம் அக்காள் ரசம் ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“ஆத்துல காலைப் பிடிக்குதாமே?”

“பிடிக்கும், பிடிக்கும்” என்றார் அத்தான். “மார்கழி மாசம்லா? தண்ணிக்குள்ள சில வஸ்துக்கள் நடமாடுத காலம்.”

“என்ன வஸ்து?”

“பொம்பளையளுக்கு விளக்கமாச் சொல்லப்படாது. பயந்துருவிய.”

“பேய்னு வச்சுக்கிடலாமா?”

“வச்சுக்கோ. அந்தத் துறைப் பக்கம் ஒருத்தரும் பத்து நாளைக்குப் போகாம இருந்தா நல்லது.”

அக்காள் இடுப்புச் சொருகிலிருந்து ஒரு சுருளை எடுத்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“மதினி காலைப் பிடிச்ச பேய் இதுதான். அறுத்துக் கொண்டாந்தேன்.”

அத்தானின் கை ரசத்திலேயே நின்றுவிட்டது.

“இது... கயிறுல்லா?”

“கயிறுதான். பட்டுக்கயிறு. மோந்து பாருங்க. நம்ம வீட்டு நல்லெண்ணெய் வாசனை அடிக்குது. பேய் சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கும்போல.”

“ஆத்துல எவன் எவனோ எதையெதையோ போடுதான்! அதுக்கு நான் என்ன செய்ய?”

“நீங்க என்ன செய்விய பாவம். பையச் சாப்பிடுங்க. புரையேறுது.”

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நான் பொங்கினேன். சமையலறையில் வைத்து அக்காளைப் பிடித்துக்கொண்டேன். “கையும் களவுமாகப் பிடித்துவிட்டு இப்படி விடுவாயா? கேள்! அறுத்த கயிற்றை எடுத்துச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவர ஒரு ஹெட் குமாஸ்தாவுக்குத் தெரியாதா? மதினியின் முழங்காலுக்கு யார் பொறுப்பு? அந்த நாரைக்கு யார் பொறுப்பு?”

“நாரைக்கு வேணும்னா நீ வக்கீலா நில்லு” என்றாள் அக்காள். “எனக்கு அடுப்புல உலை கொதிக்குது.”

ஆனால் அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் குளிக்கும்போது படித்துறையைச் சுற்றிக் காலால் துழாவுவாள். கிடைத்த துண்டுக் கயிற்றையெல்லாம் எடுத்து, முடிச்சுப் போட்டு, ஒரு பழைய அகப்பைக் காம்பில் சுற்றி வைப்பாள். கேட்டால், “கிடந்தா யாரு காலையாவது இழுக்கும்” என்பாள்.

புது வருஷம் பிறக்க நாலைந்து நாள் இருந்தது. பயிற்சி முற்றிவிட்டது என்று அத்தானுக்குத் தோன்றியது. விபூதி மணக்கிற தகட்டை எடுத்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் திரும்பி வந்த மனிதர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த கோடு. பேனா பிடித்துப் பிடித்து வந்தது என்றார். ஹெட் குமாஸ்தாக்கள் பேனாவை இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் விடியலில் படித்துறையில் எனக்கும் அக்காளுக்கும் விஷயம் வெளிச்சமாயிற்று. கரையோர மருத மரத்தில் ஒரு பட்டுக்கயிறு கட்டியிருந்தது. அது விறைப்பாகப் போய் நடு ஆற்றில் ஒரு பாறைக்குப் பின்னால் தண்ணீருக்குள் இறங்கியது. துரையின் தகடு அங்கே மாட்டியிருக்கிறது. அறுக்க முடியாது, அறுத்தால் தகடு போய்விடும். இறங்கி எடுக்க முடியாது. அத்தானுக்கு நீச்சல் தெரியாது. மீன் பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லவும் முடியாது. பிள்ளைவாள் தூண்டில் போட்ட கதை அன்று மாலைக்குள் அம்பாசமுத்திரம் போய்ச் சேரும். ஆகவே மரத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அக்காள் அந்தக் கயிற்றை, தயிர் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல, ஒரு விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தாள்.

“பாறைக்கு மேல்பக்கத்துல, தண்ணி வார பக்கம், முள்ளு ஏறியிருக்கு. உங்க அத்தான் கீழ்ப்பக்கமா நின்னுக்கிட்டு இழுத்திருக்காவ. இழுக்க இழுக்க இறுகத்தானே செய்யும்? கயித்தைத் தளர்த்திட்டு மேல்பக்கமாப் போய் இழுத்தா வந்துரும்.”

“எடுத்துவிடலாமா அக்கா?”

“எதுக்கு? அவிய வாயைத் திறந்து கேக்கட்டும்.”

அத்தான் கேட்கவில்லை. தினமும் நடுப்பகலில் போய், அதே இடத்தில் நின்று, அதே பக்கமாக இழுத்துவிட்டு வந்தார். இதைத்தான் அவர் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

ஜனவரி மூன்றாம் தேதி, புதன்கிழமை, கச்சேரிச் சேவகர் நேசையா வந்தார். ஐம்பது வயது, டவாலிப் பட்டையைவிட அகலமான மீசை.

“ஐயா, துரை வெள்ளிக்கிழமை மத்தியானமே வாராராம். ஞாயித்துக்கிழமை தூண்டிலுக்குப் போகணுமாம். சாமானெல்லாம் தயாரா இருக்கணும்னு எழுதியிருக்காரு.”

அத்தான் முகத்தில் ரத்தம் இல்லை.

“எல்லாம் தயார்தான். நீரு போம்.”

நேசையா இரண்டடி போய்த் திரும்பினார். “நான் வேணும்னா ஆத்துல இறங்கிப் பாக்கட்டுமாய்யா?”

“ஆத்துல என்னத்தவே பாக்கப் போறீரு?”

“சும்மா சொன்னேன்யா.” மீசைக்குள் ஏதோ அசைந்தது. போய்விட்டார்.

அரை மணி நேரம் அத்தான் முற்றத்தைச் சுற்றினார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் உள் அறையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு காதையும் விரித்துவைத்திருந்தேன்.

“சொர்ணம், நம்ம பாதாளக்கரண்டி எங்க இருக்கு?”

கிணற்றில் வாளியோ குடமோ விழுந்துவிட்டால், கொத்துக் கொத்தாகக் கொக்கி தொங்குகிற ஓர் இரும்பு வளையத்தைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவோமே, அதுதான் பாதாளக்கரண்டி. எங்கள் தெருவுக்கே ஒன்றுதான். அக்காளுக்குச் சீராக வந்தது.

“எதுக்கு?”

“கச்சேரிக் கிணத்துல வாளி விழுந்துட்டு.”

“கச்சேரிக் கிணத்துக்கு மூடி போட்டுப் பூட்டி ஆறு மாசம் ஆச்சுன்னு சொன்னியளே?”

“அந்த மூடி... அதான் விழுந்துட்டு.”

“பூட்டோடயா?”

“ஏட்டி, தருவியா மாட்டியா?”

“தாறேன். ஈடு வைங்க.”

“என்னது?”

“இது என்ன புதுசா? பாதாளக்கரண்டியை ஈடு வாங்காம வெளிய விட்டா வீட்டுக்கு ஆகாது. பிரம்மநாயகி மதினி ஆனாலும் ஒரு செம்பை வச்சிட்டுத்தானே வாங்கிட்டுப் போறாக. கரண்டி வந்தபெறவு செம்பு போகும்.”

“கட்டின புருஷன்கிட்டயா ஈடு கேக்குத?”

“கரண்டி வெளிய போகுதுல்லா? யாரு கொண்டுபோனா என்ன? கரண்டிக்கு உறவுமுறை தெரியுமா?”

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு செம்பை எடுத்து வைத்தார்.

“அது எங்க அப்பா தந்தது” என்றாள் அக்காள். “என் சாமானை எனக்கே ஈடு வச்சா எப்படி?”

தாம்பாளத்தை எடுத்தார்.

“அது எங்க மாமா தந்தது.”

குத்துவிளக்கு. சீர். வெற்றிலைச் செல்லம். சீர். சாய்வு நாற்காலி. சீர். அத்தான் வீடு முழுவதும் சுற்றி வந்தார். பதினாலு வருஷமாக ‘என் வீடு, என் சாமான்’ என்று முழங்கியவர், அந்த ஐந்து நிமிஷத்தில் தனக்கென்று ஒரு டம்ளர்கூட இல்லாமல் அடுக்களை வாசலுக்குத் திரும்பி வந்தார். உள்ளே எனக்குப் புத்தகத்தைக் கடித்துக்கொள்ளும்படி சிரிப்பு.

“உங்களுக்குன்னு சொந்தமா இருக்கிறது உங்க கையெழுத்து ஒண்ணுதான்” என்றாள் அக்காள், மெதுவாக. “சம்முகத்துக்குக் காலேஜுக் கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. ஈடா வச்சுக்கிடுதேன்.”

“அது மட்டும் நடக்காது! ஆறு வந்து வாசல்ல நின்னாலும் நடக்காது!”

“சரி. அப்போ கடுதாசி வேண்டாம். வெறுந்தாளுல கையெழுத்தை மட்டும் போடுங்க. வழக்கத்துக்கு ஏதாவது ஒண்ணு என்கிட்ட இருக்கணும், அவ்வளவுதான். மேலே என்ன எழுதியிருக்குன்னு வாசிக்க நான் என்ன படிச்சவளா?”

அத்தான் முகம் மலர்ந்தது எனக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது. பேரம் பேசி ஜெயித்துவிட்டாரல்லவா! ஒரு முழு நீளத் தாளை எடுத்து, அடிப்பக்கத்தில், பாம்பு படமெடுத்தாற்போல வளைவுகளோடு ‘டி. ஆவுடைநாயகம் பிள்ளை’ என்று இங்கிலீஷில் போட்டார். தேதியும் போட்டார். பழக்கம். கரண்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டே போனார்.

நான் வெளியே பாய்ந்தேன்.

“அக்கா! ஏமாந்துவிட்டாயே! வெறுந்தாளை வாங்கி என்ன செய்யப் போகிறாய்? கையெழுத்துக்கு மேலே ஒரு வார்த்தைகூட இல்லையே!”

அக்காள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பி.ஏ. வகுப்பை அப்படி ஒருவரும் பார்த்திருக்க முடியாது.

“மேலே எழுதத்தானேட்டி உன்னைப் படிக்க வச்சிருக்கு?”

நான் உட்கார்ந்தேன். தர்க்க சாஸ்திரம் எழுந்து போய்விட்டது.

கொஞ்ச நேரம் மனச்சாட்சி உறுத்தியது. “ஈடாக வாங்கியதை அனுப்பிவிடலாமா? கரண்டி வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?” என்று கேட்டேன்.

“ஈடு பத்திரமா இருக்கணும். அதுதானே வழக்கம்? நம்ம வீட்டுல எலி கிடக்கு. உன் காலேஜுல இரும்புப் பெட்டி இருக்கும்லா?”

எழுத ஆரம்பித்தேன். சம்மதிக்கிறேன் என்று இரண்டு வரி. அவ்வளவில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் கையெழுத்து அடியில் கிடந்தது. நடுவில் வயல் மாதிரி இடம் கிடந்தது. அக்காள் எட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவு இடம் சும்மா கிடக்கே. வேற ஒண்ணும் இல்லையா எழுத?”

வேறு ஒன்றும் இல்லையாவது! இரண்டு வாரமாக அத்தான் காதில் ஏறாமல் திரும்பி வந்த வாதங்கள் அத்தனையும் என் நாக்கு நுனியில் காத்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் நெருக்கி நெருக்கி எழுதினேன், அத்தான் பெயரில், அத்தான் நடையில். அன்று மாலை ரயிலில் தபால் போயிற்று.

வியாழக்கிழமை நடுப்பகலில் அத்தான் ஆற்றுக்குப் போய் என்ன செய்தார் என்பதை வெள்ளிக்கிழமை விடியலில் பார்த்தோம். மருத மரத்தில் இப்போது இரண்டு கயிறு. பட்டுக்கயிறு ஒன்று, எங்கள் வீட்டுக் கிணற்றுக் கயிறு ஒன்று. தகட்டுக்குத் துணையாகப் பாதாளக்கரண்டியும் அதே பாறையில், அதே இடுக்கில், அதே பக்கம் இழுபட்டு இறுகிக் கிடந்தது.

“என்ன சொர்ணம் அது?” என்றாள் பிரம்மநாயகி மதினி, முழங்காலைத் தடவிக்கொண்டே.

“ஒண்ணுமில்ல மதினி. இவிய குளிக்க வந்த இடத்துல செம்பை விட்டுட்டாவளாம். கரண்டி போட்டிருக்காவ. அதுவும் மாட்டிக்கிட்டு.”

அக்காள் மரத்திலிருந்து இரண்டு கயிற்றையும் அவிழ்த்தாள். தொய்ய விட்டாள். புடைவையைச் சொருகிக்கொண்டு, நீரோட்டத்துக்கு எதிராகப் பாறை பாறையாகக் கால் வைத்து, சிக்கிய இடத்தைத் தாண்டி மேல்பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து கிணற்றுக் கயிற்றை ஒரு சுண்டு. கரண்டி கழன்று வந்தது. பட்டுக்கயிற்றைப் பைய ஒரு சுண்டு. கொஞ்சம் தளர்த்தி மறுபடி ஒரு சுண்டு. தகடு துள்ளி வந்து அவள் காலடியில் மின்னியது. அதை யாரும் பார்ப்பதற்குள் ஈரத் தலைப்பில் முடிந்துகொண்டாள். வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் அத்தான் கண்ணைச் சுற்றிக் கறுப்போடு உட்கார்ந்திருந்தார். கரண்டி தரையில் ‘ணங்’ என்று விழுந்தது. தலைப்பிலிருந்து தகடு வெளியே வந்தது. அத்தானுக்கு உயிர் வந்தது. கூடவே அதிகாரமும் வந்தது.

“கரண்டி வந்துட்டுல்லா? எடு என் ஈட்டை!”

“ஈடு பத்திரமா இருக்கு.”

“எங்க இருக்கு?”

“சென்னப்பட்டணத்துல.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கூரை அதிர்ந்தது.

“மோசடி! அந்தக் கடுதாசியை நான் எழுதலைன்னு இப்பவே தந்தி அடிக்கேன்!”

“கையெழுத்து உங்களுடையதுதானே அத்தான்?”

“என்னதுதான். ஆனா வெறுந்தாளுல...”

அங்கே நின்றுவிட்டார். வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டதற்காகப் போன ஆடியில் இரண்டு குமாஸ்தாக்களைத் தண்டித்தவர் அவர். துரை அதைக் கேட்டு மெச்சியிருந்தார்.

“தந்தி அடிங்க” என்றாள் அக்காள், தகட்டின் முள்ளில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் எடுத்துக்கொண்டே. “எதுக்காகக் கையெழுத்துப் போட்டியன்னு கேப்பாக. சொல்லுங்க. நம்ம ஊர்க்காரவுகளும் கேட்டுக்கிடட்டும். முதல்ல இந்தத் தகட்டை யாரு கையில தரட்டும்? நேசையா வந்துக்கிட்டிருக்காரு.”

தெருவில் நேசையாவின் இருமல் கேட்டது. அத்தான் கையை நீட்டினார். தகடு கைமாறியது. அதோடு அகப்பைக் காம்பில் சுற்றியிருந்த அறுபது கஜம் கயிறும். முடிச்சுகளை எண்ணி முடியாது. ஆனால் மீதிக் கயிற்றோடு சேர்த்தால் நூறு கஜத்தில் ஒரு கஜம்கூடக் குறையவில்லை.

துரை மத்தியானம் வந்து பார்த்துவிட்டு, தகடு சீமையில் வாங்கியபோதுகூட இப்படி மின்னவில்லை என்றாராம். கயிற்று முடிச்சுகளைப் பற்றிக் கேட்டதற்கு அத்தான் “எலி” என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீசிக் காட்டச் சொன்னபோது கையில் சுளுக்கு என்றிருக்கிறார். நாற்காலி யாருக்கு என்று துரை இன்னும் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்து நான் ரயிலேறினேன். அத்தான் வழியனுப்ப வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். இரண்டு வாரமாக என்னோடு பேசாதவர், என் பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. அக்காளைப் பார்த்தேன். அவள் தலையைத் திருப்பிக்கொண்டு எஞ்சினைப் பார்த்தாள். தோள் குலுங்கியது.

மணி அடித்தது. அத்தான் ஜன்னலருகே வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். லேடி சூப்பிரண்டெண்டின் பதில். பெண் கல்வியைப் பற்றி இவ்வளவு தெளிவாக, இவ்வளவு துணிச்சலாகச் சிந்திக்கிற ஒரு கனவான் தென்கோடியில் இருப்பது தனக்குப் பெருமை என்று எழுதியிருந்தாள். கடிதத்தைத் தன் சிநேகிதியான என்ஜினியர் துரையின் மனைவிக்கும் அனுப்பிக் காட்டினாளாம். துரைசானி மனம் குளிர்ந்து போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் விருந்தாளிகள் முன்னிலையில் மிஸ்டர் பிள்ளை தம் கருத்துகளை விளக்கிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறாளாம். துரையும் கூட இருப்பாராம்.

வண்டி அசைந்தது. அத்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

“ஏட்டி சம்முகம்,” என்றார், பின்னால் நின்ற அக்காளுக்குக் கேட்காத குரலில், “அந்தக் கடுதாசில நான் என்னதான்ட்டி எழுதியிருக்கேன்?”